சிப்பத்தில் இருப்பது எந்த லாட் நெல்? புதுவயல் அரிசி ஆலைகளுக்கான நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

காரைக்குடிக் கடையில் வாங்கிய 26 கிலோ சிப்பம் ஒன்றில் ஊறல் நாற்றம் அடிக்கிறது என்று புகார் வருகிறது. ஆலைக்காரர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த அரிசி எந்த லாரியில் வந்த நெல்? அதே நெல் வேறு எத்தனை சிப்பங்களில் கலந்து வெளியே போயிருக்கிறது? சிப்பத்தின் மேல் லாட் எண், அதாவது தொகுதி எண், அச்சாகியிருக்கும். பெரும்பாலான ஆலைகளில் அந்த எண் சிப்பம் தைத்த நாளைத்தான் சொல்லும். திருவாடானை நெல் எப்போது முடிந்தது, தஞ்சாவூர் நெல் எப்போது தொடங்கியது என்பது அதில் கிடையாது.

2017-இல் வந்த உணவுத் திரும்பப்பெறல் விதிகளின்படி, உணவு உற்பத்தியாளர் எதைத் திரும்பப் பெற வேண்டும் என்று காட்டும் திட்டம் வைத்திருக்க வேண்டும். சரியான கணக்கு இல்லாத ஆலை இரண்டு நாள் சரக்கையும் மொத்தமாகத் திரும்ப அழைக்கும், அல்லது குத்துமதிப்பாக ஐம்பது சிப்பத்தை எடுத்துவிட்டு மீதியை விட்டுவிடும். முதலாவது நஷ்டம், இரண்டாவது ஆபத்து.

நெல் நிற்காமல் ஓடும் வரிசையில் லாட்டைப் பின்தொடர நான்கு வழிகள் உண்டு. வரிசையைக் காலி செய்து ஓட்டுவது, முதலில் வந்தது முதலில் போகும் என்ற வரிசைக் கணக்கு, கலப்பையும் சேர்த்துப் பார்க்கும் தொடர் தொட்டிக் கணக்கு, நெல்லைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் கணினியில் ஓட்டிப் பார்க்கும் துண்டு சிமுலேஷன். எல்லா ஆலைக்கும் ஒரே வழி பொருந்தாது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: புதுவயலில் ஓடும் அளவுள்ள ஆலைகளுக்கு மூன்றாவது வழியும், லாட் மாறும்போது தொட்டி மட்டத்தைத் தணித்து ஓட்டும் பழக்கமும் போதும். நான்காவது வழிக்குச் செலவழிக்கக் காரணம் உள்ள ஆலைகள் குறைவு.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட ஆலை

மணிக்கு 4 டன் நெல் அரைக்கும் புழுங்கலரிசி ஆலை. காய்ந்த நெல் டேங்கிலிருந்து கல் நீக்கி வழியாக, உமி உரிக்கும் ஹஸ்கரின் மேல் தொட்டிக்கு வருகிறது. அதில் 1.5 டன் நெல் நிற்கும். ஹஸ்கர், உரியாத நெல்லைப் பிரிக்கும் செப்பரேட்டர், தவிடு நீக்கித் தீட்டும் ஒயிட்னர், பாலிஷர், சல்லடை எல்லாவற்றிலும் சேர்த்து 12 நிமிட ஓட்டம். பிறகு சார்டெக்ஸ் (நிறம் மாறிய அரிசியை ஒதுக்கும் இயந்திரம்) மேல் தொட்டியில் 3 டன் அரிசி, மூட்டை பிடிக்கும் தொட்டியில் 4 டன் அரிசி. அரிசி விளைச்சல் 68 சதவீதம். அரசு அரவையில் புழுங்கலுக்கு நிர்ணயித்திருப்பதும் அதே அளவுதான். அப்படியானால் மணிக்கு 2.7 டன், அதாவது நிமிடத்துக்கு 45 கிலோ அரிசி. 26 கிலோ சிப்பமாக மணிக்கு 104. (25 கிலோ வரையான பொதிக்கு 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் சந்தையில் 26 கிலோ சிப்பம் பெருகியது தெரிந்ததே.)

ஒவ்வொரு இடத்திலும் தங்கும் நேரம் என்பது நிற்கும் எடையை ஓடும் எடையால் வகுத்தது. ஹஸ்கர் தொட்டியில் 22 நிமிடம், சார்டெக்ஸ் தொட்டியில் 67, மூட்டைத் தொட்டியில் 89. இயந்திரங்களின் 12 நிமிடத்தையும் கூட்டினால் 190. நெல் ஹஸ்கர் தொட்டியில் விழுந்து சிப்பமாக வெளிவர, தொட்டிகள் நிரம்பியிருந்தால், சராசரி மூன்று மணி பத்து நிமிடம்.

அவியல் பக்கத்தை ஏன் சேர்க்கவில்லை? ஊறல் தொட்டி, அவியல், டிரையர் ஆகியவை தொகுதி தொகுதியாக நடப்பவை. நெல்லை 70 டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, அவித்து, டிரையரில் பலமுறை சுற்றவிட்டு, ஈரம் 18-20 சதவீதத்துக்கு இறங்கியதும் சில மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி சுற்றி 14-க்குக் கொண்டுவருகிறார்கள். இத்தனை சுற்று சுற்றிய நெல்லில் எது முதலில் விழுந்தது என்று தேடுவதில் பயனில்லை. ஒரு டிரையர் நிறைவு ஒரு லாட் என்று வைத்து, எந்தெந்த ஊறல் தொட்டி அதில் விழுந்தது என்று எழுதினால் போதும். அந்தப் பதிவில் ஒரு கவனம் வேண்டும். 30 சதவீத ஈரத்தில் 100 கிலோ எடையுள்ள நெல் 14 சதவீதத்தில் 81.4 கிலோவாக நிற்கும். ஊறல் பக்க எடையை அப்படியே அரவைப் பக்கக் கணக்கில் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு நெல் மாயமாகிவிடும்.

காலி செய்து ஓட்டுவது

சிமுலேஷனே வேண்டாம் என்பவர்களின் வழி இது. பழைய லாட் முடிந்ததும் ஊட்டத்தை (வரிசைக்குள் நெல் விடுவதை) நிறுத்தி, எல்லாத் தொட்டியும் காலியான பிறகு புதிய நெல்லை விடுவது. சிப்பத்துக்கும் லாட்டுக்கும் இடையே சந்தேகமே இருக்காது.

விலை நேரத்தில்தான். ஊட்டத்தை நிறுத்தியபின் கடைசி அரிசி சார்டெக்ஸ் தொட்டியை விட்டு வெளியேற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூட்டைத் தொட்டியை வேகமாக இறக்கலாம். நிமிடத்துக்கு 4 சிப்பம் பிடிக்கிற தராசு இருந்தால் 4 டன் நாற்பது நிமிடத்துக்குள் முடியும். முழு வரிசையும் காலியாகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சார்டெக்ஸ் தொட்டி காலியானதும் அதன் அடிக் கதவை மூடி, புதிய அரிசியை அதில் சேரவிட்டு, அதற்குள் மூட்டைத் தொட்டியைக் காலி செய்துவிடலாம். அப்படிச் செய்தாலும் ஒன்றரை மணி நேர அரவை, 6 டன் நெல், கையை விட்டுப் போகிறது.

இரண்டாவது விலை அரிசியின் தரத்தில். ஒயிட்னர் அறை நிரம்பி அழுத்தத்தோடு ஓடினால்தான் சீராகத் தீட்டும். வரத்து குறைந்து அறை பாதியாக ஓடும்போது அரிசி தனித்தனியாக அடிபட்டுக் குருணை கூடும், தீட்டலும் குறையும். ஒவ்வொரு காலி ஓட்டத்திலும் முதல் சில மூட்டையும் கடைசி சில மூட்டையும் இப்படி வரும். ஹஸ்கரில் நெல் இல்லாமல் ரப்பர் ரோல்கள் ஒன்றையொன்று உரசினால் ரோல் தேய்ந்துவிடும். ஊட்டம் நின்றதும் ரோலைப் பிரிக்க ஆள் நிற்க வேண்டும்.

இந்த வழி கட்டாயமாகும் ஓரிடம் உண்டு: கவுனி. செட்டிநாட்டு விருந்துக்குப் போகும் கவுனி அரிசியைத் தோலோடு அரைக்கும் ஆலை அதே வரிசையில் வெள்ளை அரிசியையும் ஓட்டினால், ஒரு வெள்ளைச் சிப்பத்தில் இரண்டு மூன்று கருப்பு மணி தெரிந்தாலும் புகார்தான். சன்னரக அரிசி 26 கிலோவில் சுமார் 25 லட்சம் மணி இருக்கும். அதில் இரண்டு மூன்று கருப்பு என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. நிரம்பிய 3 டன் சார்டெக்ஸ் தொட்டி ஒன்றில் மட்டும், புதிய அரிசியை ஓடவிட்டே அந்த அளவுக்குக் கழுவ, கீழே வரும் கலப்புக் கணக்கின்படி ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். மூலையில் தங்கும் அரிசி அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே கவுனிக்குக் கணினி எதற்கு? நெல்லையும் அரிசியையும் மேலேற்றும் எலிவேட்டரின் அடிக்கதவைத் திறந்து, துடைப்பமும் காற்றுக் குழாயும் கொண்டு சுத்தம் செய்வதே வழி.

வரிசைக் கணக்கு

ரேஷன் கடை வரிசை போல முன்னால் நின்றது முன்னால் போகும் என்று எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். லாட் மாறிய நேரத்தோடு 190 நிமிடத்தைக் கூட்டினால் சிப்பம் மாறும் நேரம்.

இதிலும் கடிகாரத்தை நம்புவதைவிட டன்னை நம்புவது நல்லது. மின்சாரம் நாற்பது நிமிடம் நின்றால் நேரக் கணக்கு நாற்பது நிமிடம் பிசகும். எடைக் கணக்கு பிசகாது. வரிசைக்குள் நிற்கும் சரக்கை அரிசியாக மாற்றினால், ஹஸ்கர் தொட்டியில் 1.02, இயந்திரங்களில் 0.54, தொட்டிகளில் 3, 4, மொத்தம் 8.56 டன். அதாவது லாட் மாறிய கணத்திலிருந்து 329 சிப்பம் கழித்துப் புதிய நெல் வர வேண்டும். ஊட்டத் தராசின் எண்ணையும் மூட்டைத் தராசின் எண்ணையும் லாட் மாறும்போது குறித்தால் முடிந்தது.

இரண்டு எண்ணையும் பல நாள் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போவதில் ஒரு வம்பு இருக்கிறது. விளைச்சல் 68 என்று போட்டுவிட்டு உண்மையில் 66 வந்தால், 100 டன் நெல்லுக்கு 2 டன், அதாவது 77 சிப்பம் கணக்கு நகர்ந்துவிடும். தினமும் ஒருமுறை தொட்டி மட்டத்தைப் பார்த்துக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

வரிசைக் கணக்கின் பெரிய குறை வேறு. தொட்டிக்குள் நெல் வரிசையில் நிற்பதில்லை. சந்தேகத்துக்குரிய நெல் 6 டன், ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக் கணக்கு 156 சிப்பத்தைத் திரும்பப் பெறச் சொல்லும். தொட்டிகளில் நடக்கும் கலப்பைச் சேர்த்துப் பார்த்தால் அந்த 156 சிப்பத்துக்குள் இருப்பது சந்தேக அரிசியில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே. மீதி, முன்னும் பின்னும் போன சிப்பங்களில் பரவிக் கிடக்கிறது. திரும்பப் பெற்றுவிட்டோம் என்ற நிம்மதியைக் கொடுத்துப் பாதி அரிசியை வெளியே விட்டுவிடும் கணக்கு இது. தொட்டி மட்டம் தாழ்ந்தே ஓடும் ஆலை, சிறிய தொட்டி உள்ள ஆலை ஆகியவற்றில் மட்டும் பயன்படுத்துங்கள்.

தொடர் தொட்டிக் கணக்கு

ஓடும் தொட்டியில் நுழைந்த பொருள் எத்தனை நேரம் கழித்து எவ்வளவு வெளியேறுகிறது என்ற பரவலை அடிப்படையாக வைத்துத் தொடர் ஓட்டத்தைப் படிக்கும் முறையை பி. வி. டாங்க்வெர்ட்ஸ் 1953-இல் வகுத்தார். இரசாயன ஆலைகளில் அது அன்றாடப் பாடம். அதன் மிக எளிய வடிவம் இது: ஒரு தொட்டியை, முழுதாகக் கலக்கும் சம அளவுள்ள சில சிறு அறைகளின் வரிசையாகக் கற்பனை செய்வது. ஒரே அறை என்றால் முழுக் கலப்பு. அறை கூடக்கூட வரிசைக் கணக்கை நெருங்கும்.

நம் ஆலைக்கு ஹஸ்கர் தொட்டியை 3 அறையாகவும், மற்ற இரண்டையும் 4 அறையாகவும் எடுத்துக்கொள்ளலாம். எக்செல் தாளில் 11 பத்தி. ஒரு வரி ஒரு நிமிடம். எட்டு மணி நேர ஷிப்ட்டுக்கு 480 வரி. ஒவ்வோர் அறையிலும் இருக்கும் சந்தேக லாட்டின் பங்கை இப்படிக் கணக்கிட வேண்டும்: முந்தைய நிமிடத்தின் பங்கோடு, உள்ளே வரும் பங்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு எண்ணால் பெருக்கிக் கூட்டுவது. அந்த எண் நிமிட ஓட்டத்தை அறை எடையால் வகுத்தது. சார்டெக்ஸ் தொட்டியில் 45-ஐ 750-ஆல் வகுத்தால் 0.06. மூட்டைத் தொட்டியில் 0.045. ஹஸ்கர் தொட்டியில் நெல் 67 கிலோ, அறை 500 கிலோ, ஆகவே 0.133. ஆலை நின்ற நிமிடங்களில் ஓட்டத்தைப் பூஜ்யமாகப் போட்டால் தாள் தானே நின்றுவிடும். பள்ளிக் கணக்கு தெரிந்த கணக்குப்பிள்ளை ஒரு நாளில் போட்டுவிடலாம்.

விடை என்ன சொல்கிறது? அதே 6 டன் சந்தேக நெல் ஒரு சதவீதத்துக்கு மேல் கலந்த சிப்பங்களை எல்லாம் பிடிக்க, லாட் மாறியபின் சுமார் 83-ஆம் நிமிடத்தில் தொடங்கி 436-ஆம் நிமிடம் வரை பிடித்த சிப்பங்களை நிறுத்த வேண்டும். ஏறத்தாழ 610 சிப்பம். வரிசைக் கணக்கு சொன்னதைப்போல் நான்கு மடங்கு.

இந்த எண்ணைப் பார்த்ததும் தலையில் கை வைக்க வேண்டாம். அதே தாளில் சார்டெக்ஸ் தொட்டியையும் மூட்டைத் தொட்டியையும் கால் பங்கு மட்டத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள். சராசரி நேரம் 190-இலிருந்து 73 நிமிடமாகிறது, நிறுத்த வேண்டிய சிப்பம் 315 அளவுக்கு இறங்குகிறது. சந்தேக நெல் ஓடும் நேரம் முழுதும் மட்டம் தாழ்ந்தே இருக்க வேண்டும். பாதியில் நிரம்பவிட்டால் இந்த லாபம் போய்விடும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. மூட்டை பிடிக்கும் ஆள் சார்டெக்ஸின் வேகத்துக்கு ஈடுகொடுத்துத் தொட்டியைத் தணித்து வைத்திருந்தால் போதும். சிமுலேஷன் சொல்லும் பதிலில் பாதி, தொட்டியை நிரப்பாதே என்பதாகவே இருக்கும்.

அறை எண்ணிக்கையை எப்படி அறிவது? ஊகித்துப் போட்டால் கணக்கு ஊகமாகவே நிற்கும். ஒருமுறை அடையாள அரிசி விட்டுப் பார்க்க வேண்டும். சார்டெக்ஸ் தொட்டிக்குச் செய்முறை இது:

ஓடிக்கொண்டிருக்கும் அதே ரக அரிசி 10 கிலோவை மஞ்சள்தூள் நீரில் பிரட்டி, நிழலில் காயவைத்து, பழைய ஈர அளவுக்குக் கொண்டுவாருங்கள். தொட்டி மட்டத்தை 3 டன்னில் நிலையாக நிறுத்துங்கள். மஞ்சள் அரிசியை எலிவேட்டர் அடியில் ஒரே வீச்சில் கொட்டுங்கள். தொட்டியின் கீழ்வாயில், சார்டெக்ஸுக்குள் நுழையும் முன்பே, முதல் அரை மணி நேரம் 2 நிமிடத்துக்கு ஒருமுறையும், அடுத்து 5, பிறகு 10 நிமிடத்துக்கு ஒருமுறையும் 200 கிராம் மாதிரி எடுங்கள். 200 நிமிடம் வரை தொடர வேண்டும். 200 கிராமில் சன்னரகம் 19 ஆயிரம் மணி இருக்கும். மூன்று டன்னில் பத்து கிலோ என்பதால் ஒரு மாதிரியில் சராசரி அறுபதுக்குச் சற்று மேல் மஞ்சள் மணி வரும். எண்ணிக்கையில் எட்டுப்பத்து கூடுதல் குறைவு இயல்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

நேரங்களின் சராசரியை வர்க்கமாக்கி, பரவலின் (திட்ட விலக்கத்தின்) வர்க்கத்தால் வகுத்தால் அறை எண்ணிக்கை. சராசரி 66, பரவல் 33 என்று வந்தால் 4 அறை. சராசரி 67-க்குப் பதில் 50 வந்தால் தொட்டியில் கால் பங்கு அரிசி ஓட்டத்தில் சேராமல் ஓரத்தில் நிற்கிறது என்று பொருள். முதல் மஞ்சள் மணி நான்கைந்து நிமிடத்திலேயே தலைகாட்டினால் அரிசி நடுக்குழியாக இறங்குகிறது. தொட்டியின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையில் அடிக்கடி கெடுவது அடையாள அரிசியின் தேர்வு. சன்னரகம் ஓடும்போது கையில் கிடைத்த குண்டு ஆடுதுறை அரிசியைச் சாயமேற்றிப் போட்டால், அது வேறு மாதிரி உருளும், சல்லடையிலும் கிரேடரிலும் தனியே பிரியும். கீழ்வாயில் வரும் எண்ணிக்கை எதையும் சொல்லாது. மஞ்சள் அரிசியைப் பாலிஷருக்கு முன் போட்டால் நீர்த்தெளிப்பில் சாயம் போய்விடும். சார்டெக்ஸைத் தாண்டி மாதிரி எடுத்தால், அந்த இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்து மஞ்சளை எல்லாம் ஒதுக்கித் தள்ளியிருக்கும். மூட்டைத் தொட்டியைச் சோதிக்க மஞ்சளைச் சார்டெக்ஸுக்குப் பிறகுதான் போட வேண்டும். சோதனை அரிசியை விற்பனையில் சேர்க்காமல் தீவனத்துக்குத் தள்ளுங்கள்.

அரிசிக்குப் பதில், ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் ஆர்எஃப்ஐடி சில்லு போடலாமே என்று சிலர் கேட்பார்கள். ஸ்வீடனின் எல்கேஏபி சுரங்க நிறுவனத்தில் இரும்புத்தாது உருண்டைகளைப் பின்தொடர அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே உருண்டையின் அளவுக்குச் சில்லைப் பொருத்த முடியும். அரிசி மணி அளவுக்குச் சில்லு கிடையாது. பெரிதாகப் போட்டால் சல்லடையில் நிற்கும், தப்பினால் சிப்பத்தில் பிளாஸ்டிக் கிடக்கும். வேண்டாம்.

தொட்டியின் கூம்பு

இந்தக் கணக்குகளில் எல்லாம் அதிகம் ஏமாற்றுவது கூம்பு. பல ஆலைகளில் சதுரத் தொட்டிக்கு நான்கு பக்கத் தகட்டையும் 45 டிகிரியில் சாய்த்து அடிக்கிறார்கள். பக்கம் 45 என்றால், இரண்டு தகடு சேரும் மூலையின் சாய்வு 35 டிகிரிதான். நெல்லின் குவிகோணம், அதாவது குவித்த நெல் சரியாமல் நிற்கும் சாய்வு, 36-37. பளபளக்கும் தகட்டில் நெல் அதைவிடக் குறைந்த சாய்விலும் வழுக்கும் என்பது உண்மை. ஆனால் மூலையில் தூசியும் தவிடும் படிந்து, மழைக்காலத்தில் அது பசைபோல் இறுகியபின் வழுக்குவதற்கு அங்கே தகடே கிடையாது. நான்கு மூலையிலும் போன மாத லாட் உட்கார்ந்திருக்கும். தொட்டி முழுதும் காலியாகும் நாளில் ஒரேயடியாகச் சரிந்து, சம்பந்தமில்லாத லாட்டின் சிப்பத்தில் போய்ச் சேரும்.

அதோடு, கூம்பு சாய்வு போதாத தொட்டியில் நடுவில் இருப்பது முதலில் இறங்கும், மேற்பரப்பு நடுவை நோக்கிச் சரியும், ஓரத்தில் இருப்பது கடைசியில் வரும். கடைசியில் வந்தது முதலில் போகும் நிலை. 30 டன் நெல் டேங்கின் நடுக்குழியில் 5 டன் மட்டும் ஓடுகிறது என்று வையுங்கள். வரிசைக் கணக்கு ஏழரை மணி நேரம் என்று சொல்லும். மேலே விழுந்த புதிய நெல் ஒன்றேகால் மணி நேரத்தில் கீழே வந்துவிடும். இப்படிப்பட்ட டேங்குக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. ஒரு லாட் முடிந்து முழுதும் காலியான பிறகே அடுத்ததை ஏற்றுங்கள். புதிதாகக் கூம்பு அடிப்பவர்கள் மூலைச் சாய்வு 45-க்குக் குறையாமல் வர, பக்கத் தகட்டை 55 டிகிரிக்கு நிமிர்த்தச் சொல்லுங்கள். தகடு கொஞ்சம் கூடும், உயரம் கூடும். அந்தக் காசுக்கு வாங்கும் மென்பொருளைவிட இது பலன் தரும்.

துண்டு சிமுலேஷன்

ஒரு நிமிட நெல்லை, 67 கிலோவை, ஒரு துண்டாக எடுத்து, அதற்கு ஒரு எண் கொடுத்து, கணினிக்குள் ஒவ்வோர் இயந்திரமாக நகர்த்துவது நான்காவது வழி. எந்தத் தொட்டிக்கு எப்போது கதவு திறந்தது, எந்த எலிவேட்டர் எப்போது நின்றது என்ற உண்மையான நிகழ்வுகள் துண்டை ஓட்டும். பைத்தான் நிரல்மொழியில் சிம்பை என்ற மென்பொருள் இலவசம். அரேனா, எனிலாஜிக் போன்றவை காசுக்கு.

இதன் பலம் கிளையும் திருப்பமும் உள்ள இடங்களில் தெரியும். செப்பரேட்டரிலிருந்து உரியாத நெல் ஹஸ்கருக்குத் திரும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் குழாயின் கீழ் ஒரு நிமிடம் சாக்கைப் பிடித்து எடை போட்டால் 9 கிலோ. புதிய 67-ஓடு சேர்த்து ஹஸ்கர் வழியே போவது 76. ஆக 12 சதவீதம் இரண்டாம் சுற்று, 1.4 சதவீதம் மூன்றாம் சுற்று. இந்த அளவில் தொட்டிக் கணக்குக்கு ஆபத்தில்லை. ரப்பர் ரோல் தேய்ந்து திரும்புவது 25 சதவீதமானால் மூன்றாம் சுற்றே 6 சதவீதத்தைத் தாண்டும். பழைய லாட்டின் வால் நீண்டுகொண்டே போகும். துண்டு சிமுலேஷனில் இதை நாளுக்கு நாள் மாற்றிப் போடலாம். இரண்டு மூன்று நெல் டேங்கிலிருந்து ஒரே நேரத்தில் கலந்து ஊட்டும் ஆலை, ஒரே நாளில் நான்கு ரகம் மாற்றும் ஆலை, இரண்டு சார்டெக்ஸுக்கு அரிசியைப் பிரிக்கும் ஆலை ஆகியவற்றுக்கு எக்செல் தாள் திணறும். அங்கே இது நியாயமான செலவு.

சிவகங்கையில் டாமின் (தமிழ்நாடு கனிம நிறுவனம்) நடத்தும் கிராஃபைட் செறிவூட்டலைப் போன்ற தொழில் இன்னும் நல்ல உதாரணம். சராசரி 14 சதவீதம் கார்பன் உள்ள தாதுவை அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறை அது. மிதப்புக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதே தொடர் தொட்டி வடிவம். ஆனால் அவ்வகை ஆலைகளில் சுத்திகரிப்புக் கலத்தின் கழிவு மறுபடி முன்பக்கத்துக்குத் திரும்புவதும், மறுஅரைப்பும் சகஜம். திருப்பம் அவ்வளவு இருக்கும் இடத்தில் துண்டு சிமுலேஷனைத் தவிர்க்க முடியாது.

அரிசி ஆலையில் இதன் பலவீனம், அது கேட்கும் பதிவுகள். ஊட்டத் தராசின் எண்ணிக்கை, ஒவ்வொரு எலிவேட்டர் மோட்டாரும் ஓடிய நேரம், தொட்டியின் மேல்மட்டம் கீழ்மட்ட சுவிட்ச், சிப்பம் பிடித்த நேரம், இவை நான்கும் ஒரே கடிகாரத்தில் இருக்க வேண்டும். மூட்டை அச்சு இயந்திரத்தின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தினால் ஏழு நிமிடத்துக்குப் பன்னிரண்டு சிப்பம் இடம் மாறும். தூசியடைந்த மட்ட சுவிட்ச் தொட்டி காலி என்பதை நிறைவு என்று சொல்லிக்கொண்டேயிருக்கும். சிமுலேஷனும் கேள்வி கேட்காமல் அதை நம்பும். அன்றாடம் உள்ளே போன நெல்லும், வெளியே வந்த அரிசி, குருணை, தவிடு, உமி எல்லாமும் இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போகவில்லை என்றால், திரையில் வரும் வண்ணப் படத்தை நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகப் பாவிக்கும் மென்பொருள்களும் உண்டு. சார்டெக்ஸ் தொட்டி ஒன்றில் மட்டும் 28 கோடிக்கு மேல் அரிசி மணி. ஒரு கூம்பின் வடிவத்தைச் சின்ன அளவில் ஆராய அது உதவும். லாட்டைப் பின்தொடர அல்ல.

எந்தக் கணக்கிலும் பிடிபடாதவை

சார்டெக்ஸ் ஒதுக்கிய அரிசியைச் சாக்கில் கட்டி வைத்து, இரவு ஷிப்ட்டில் மறுபடி ஊட்டுவது பல ஆலைகளில் வழக்கம். காலையில் ஓடிய லாட்டின் அரிசி இரவு லாட்டில் கலந்தாயிற்று. எலிவேட்டர் அடியில் சிந்தியதை அள்ளி ஹஸ்கர் தொட்டியில் கொட்டுவதும் அப்படித்தான். எந்த மென்பொருளும் இதைக் கண்டுபிடிக்காது. ஒதுக்கல் சாக்கில் லாட் எண்ணை எழுதிக் கட்டி, அதே லாட் ஓடும்போது மட்டும் ஊட்டுங்கள். லாட் முடிந்துவிட்டால் ஒதுக்கலைத் தனியாக ஓட்டித் தனிச் சிப்பமாகப் பிடியுங்கள். சிந்தியது மனித உணவுக்குத் திரும்பவே கூடாது.

பூச்சிமருந்து எச்சம் என்று புகார் வந்தால் அரிசியோடு தவிட்டையும் தேட வேண்டும். எச்சத்தில் பெரும்பகுதி உமியிலும் தவிட்டிலும்தான் தங்கும். தவிடு தொட்டிகளில் நிற்பதில்லை. ஒயிட்னரிலிருந்து காற்றில் இழுக்கப்பட்டு நேராகச் சாக்குக்குப் போகும். ஆகவே அதன் கணக்கில் ஹஸ்கர் தொட்டியின் 22 நிமிடமும் இயந்திரங்களின் சில நிமிடமும் மட்டுமே. அரிசிச் சிப்பத்தின் நேரத்தை வைத்துத் தவிட்டுச் சாக்கைத் தேடினால் இரண்டரை மணி நேரம் தள்ளி வேறு சாக்கைப் பிடிப்பீர்கள். தவிட்டுச் சாக்குக்குத் தனி நேரக் குறிப்பு எழுதுங்கள். எண்ணெய் ஆலைக்கு லாரி கிளம்பும் முன் அந்தச் சாக்குகள் எந்த லாரியில் ஏறின என்பதையும் சேர்த்து.